சும்மா கிடக்கும் ராஸ்பெரி பையில் டோர் பாலம் ஓட்டலாமா?

கேள்வி: "அண்ணா, வீட்டில் 150 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்று டப்பாவுக்குள் தூங்குகிறது. யார் என்று காட்டாமல் இணையம் பார்க்க உதவும் டோர் வலைக்காக, பொதுப் பட்டியலில் வராத ரிலே (தரவைக் கைமாற்றிவிடும் கணினி) ஒன்று, அதாவது பாலம் (bridge), ஓட்டலாம் என்று பார்க்கிறேன். பிரச்சினை ஏதும் வருமா? போலீஸ் வீட்டுக்கு வருமா? யாராவது நிஜமாகவே அதைப் பயன்படுத்துவார்களா, இல்லை நம் மனத்திருப்திக்கு மட்டும்தானா?"

அவசரத்தில் இருந்தால் இதை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்: ஓட்டலாம் தம்பி. போலீஸ் வரும் அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டு ஃபைபரில் இது ஓடவே ஓடாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. அந்தக் குறை டோருடையது இல்லை, இணையச் சேவைக்காரர் உங்களுக்கு ஐபி கொடுத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. அப்படியானால் வீட்டில் ஸ்னோஃப்ளேக் (பாலத்தின் எளிய தம்பி, கீழே சொல்கிறேன்), வெளியே ஒரு சின்ன விபிஎஸ்ஸில் (வாடகை சர்வரில்) பாலம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். யாராவது பயன்படுத்துவார்களா என்பதற்குத்தான் பதில் நீளம்.

பாலம் என்றே எழுதுகிறேன். ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்தால் நம் ஊரில் அது குளிர்பதனப் பெட்டியாகிவிடும். "வெளிநாட்டில் ஒரு பிரிட்ஜ் ஓட்டுகிறேன்" என்று நான் சொன்னபோது என் சித்தப்பா கேட்டது, "அதுக்குக் கரண்டு பில்லு யாரு கட்றா?"

டோர் வேலை செய்யும் விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சுருக்கமாக: உங்கள் தரவு மூன்று கணினிகளைத் தாண்டிப் போகிறது. முதலாவதற்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசியில் இருப்பதற்குப் போகுமிடம் தெரியும், ஆள் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டும் தெரியாது. யோசனை 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 2002 அக்டோபரில் வலை ஓடத் தொடங்கியது. இப்போது அதைப் பராமரிக்கும் இலாப நோக்கற்ற அமைப்பு 2006இல் வந்தது. ஆயிரக்கணக்கான ரிலேக்கள் எல்லாமே உங்களையும் என்னையும் போன்றவர்கள், பல்கலைக்கழகங்கள், சிறு சங்கங்கள் தன் செலவில் ஓட்டுபவை.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பயனரின் மென்பொருளுக்கு எந்தெந்த ரிலே எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அதனால் எல்லா ரிலேக்களின் ஐபி முகவரியும் போர்ட்டும் ஒரு பொதுப் பட்டியலில் இருக்கின்றன. மணிக்கொரு முறை அது புதுப்பிக்கப்படுகிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், தணிக்கை செய்கிறவர் உட்பட. 2009 செப்டம்பரில், மக்கள் சீனத்தின் 60ஆம் ஆண்டு விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் சீனா அதைத்தான் செய்தது. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பெரும்பாலான முகவரிகளை அடைத்துவிட்டது.

அப்படி ஒரு நாள் வரும் என்று எதிர்பார்த்து ஏற்கெனவே தயாராகியிருந்ததுதான் பாலம். பட்டியலில் பேர் கொடுக்காத ரிலே, அவ்வளவுதான். சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் முதல் வேலையாக பேனர் கட்டுவார்கள், அதில் தங்கள் படமும் போடுவார்கள். இது பேனர் கட்டவே கூடாத பந்தல். அப்படியானால் தாகம் எடுத்தவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் பாலம் எழுந்ததும் தன் முகவரியைப் பாலங்களுக்கென்று உள்ள ஒரே ஒரு சர்வரிடம் மட்டும் சொல்கிறது. அங்கிருந்து ஏதாவது ஒரு விநியோக வழிக்கு அது ஒதுக்கப்படுகிறது. தளத்தில் கேட்பவர்களுக்கு ஒரு கட்டு, ஜிமெயில் அல்லது ரைஸ்அப் முகவரியிலிருந்து மின்னஞ்சல் போடுபவர்களுக்கு ஒரு கட்டு, டெலிகிராமில் தானாகப் பதில் சொல்லும் நிரலிடம் கேட்பவர்களுக்கு ஒன்று, டோர் பிரவுசருக்குள்ளேயே பொத்தானைத் தட்டுபவர்களுக்கு ஒன்று. கேட்பவருக்கு இரண்டு மூன்று முகவரிகள்தான் கிடைக்கும், மொத்தக் கட்டும் கிடைக்காது. கொஞ்சம் பாலங்களை யாருக்கும் கொடுக்காமல் அவசரத்துக்கு எடுத்தும் வைப்பார்கள். தணிக்கைத் துறை ஆட்களும் பொதுமக்கள் மாதிரி வரிசையில் நின்று கேட்கத்தான் செய்வார்கள். கட்டு கட்டாகப் பிரித்து வைத்திருப்பது அதற்காகத்தான். ஒரு வழி கசிந்தாலும் மற்றவை தப்பிக்கும்.

இனி போலீஸ். டோர் என்றதும் வரும் பயத்தில் தொண்ணூறு சதவீதம் வெளியேறு ரிலேயைப் பற்றியது. மூன்றாவதாக நிற்கும் அந்தக் கணினியிலிருந்துதான் தரவு திறந்த இணையத்துக்குள் போகிறது. யாரோ எங்கேயோ மிரட்டல் எழுதினால் அந்தத் தளத்தின் பதிவேட்டில் விழுவது வெளியேறு ரிலேயின் ஐபி. மாஸ்கோவில் திமித்ரி போகாதோவ் என்ற கணித ஆசிரியர் தன் வீட்டில் அப்படி ஒன்றை ஓட்டினார். வேறு யாரோ எழுதிய பதிவுகளுக்காக 2017 ஏப்ரலில் கைதானார். சிறையிலும் பிறகு வீட்டுக் காவலிலும் இருந்தார். வழக்கு கைவிடப்பட 2018 ஆகிவிட்டது. ஆகவே வீட்டில் வெளியேறு ரிலே ஓட்டாதீர்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று தோன்றினாலும் வேண்டாம்.

பாலம் இந்தச் சங்கிலியின் மறுமுனையில் இருக்கிறது. உங்களிடம் வருவது ஒரு பயனரின் மறையாக்கம் செய்த தரவு. நீங்கள் அதை அடுத்த ரிலேக்குத் தள்ளிவிடுகிறீர்கள். எந்தத் தளத்தின் பதிவேட்டிலும் உங்கள் ஐபி விழாது. அவர் படிப்பது செய்தியா சமையல் குறிப்பா என்று உங்களுக்கும் தெரியாது. இத்தனை வருடத்தில் என் பாலங்களுக்காக ஒரு புகார் மின்னஞ்சல்கூட வந்ததில்லை.

ஆனால் நடு ரிலேயில் சூடுபட்டிருக்கிறேன். பாலம் ஓட்டுவதற்கு முன்னால் வீட்டு இணைப்பிலேயே சாதாரண நடு ரிலே ஒன்று வைத்தேன். அது வெளியேறு ரிலே இல்லை, சட்டச் சிக்கலும் இல்லை. ஆனால் பொதுப் பட்டியலில் வீட்டு ஐபி ஏறிவிட்டது. எந்த வகை ரிலே என்று பார்க்காமல் டோர் என்றாலே அடைக்கும் தளங்கள் ஏராளம். மூன்றாம் நாள் அம்மாவின் வங்கிச் செயலி திறக்கவில்லை. அப்பாவுக்கு டிக்கெட் தளம் திறக்கவில்லை. காரணத்தைச் சொல்லாமல் "நெட் சரியில்லை" என்று இரண்டு நாள் சமாளித்தேன். ரிலேயை நிறுத்திய பிறகும் எல்லாம் பழைய நிலைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. பாலத்தில் இந்தத் தொல்லை கிடையாது, ஏனென்றால் உங்கள் முகவரி பட்டியலிலேயே இல்லை. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

சட்டம்: நான் வக்கீல் இல்லை. இந்தியாவில் டோரைத் தடை செய்யும் தனிச் சட்டம் இல்லை. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. டேட்டா சென்டர், விபிஎஸ், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுத்த ஐபி போன்றவற்றை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்டுவிபிஎன் போன்றவை அதனால் இங்கிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போயின. நீங்கள் இந்திய விபிஎஸ்ஸில் பாலம் போட்டால் அது உங்கள் பெயரில்தான் பதிவாகியிருக்கும். மறைக்க ஒன்றும் இல்லை என்றால் அதில் தப்பும் இல்லை, தெரிந்துகொண்டு செய்யுங்கள். வீட்டு இணைப்பின் ஒப்பந்தத்தில் "சர்வர் நடத்தக்கூடாது" என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல இடங்களில் இருக்கும்.

இப்போது உங்கள் ஃபைபர். பாலத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்ட முடிய வேண்டும். நம் ஊர் வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் ஒரு பொது ஐபியை நிறைய வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் எண் மட்டும் இருந்து வீட்டு எண் இல்லாத மாதிரி. கொரியர் வருவார், எந்த வீடு என்று தெரியாமல் திரும்பிப் போவார். சோதிப்பது எளிது. ரூட்டர் பக்கத்துக்குள் போய் வேன் (WAN) ஐபி, அதாவது ரூட்டருக்கு வெளியிலிருந்து கிடைத்திருக்கும் ஐபி, என்ன என்று பாருங்கள். பிறகு "என் ஐபி என்ன" என்று காட்டும் ஏதாவதொரு தளத்தில் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால், குறிப்பாக ரூட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால், நீங்கள் பங்கு ஐபியில் இருக்கிறீர்கள். ரூட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டிங் போட்டாலும் பயன் இல்லை. வீட்டு இணைப்பை மாற்றிய பிறகு நான் இது தெரியாமல் ஒரு ஞாயிறு முழுக்க ரூட்டரோடு மல்லுக்கட்டினேன். நிலையான ஐபி தனியாகக் காசு கொடுத்தால் சிலர் தருகிறார்கள்.

பங்கு ஐபி என்று தெரிந்தால் வருத்தப்படாமல் ஸ்னோஃப்ளேக் போடுங்கள். வீடியோ அழைப்புகளுக்குப் பயன்படும் அதே வெப்ஆர்டிசி தொழில்நுட்பம், அதனால் பங்கு ஐபிக்குப் பின்னாலிருந்தும் வேலை செய்யும். தடைபட்ட நாட்டில் இருப்பவர் ஒருவரையும் உங்களையும் ஒரு தரகு சர்வர் சேர்த்து வைக்கிறது. நீங்கள் அவருடைய தரவை வாங்கி ஸ்னோஃப்ளேக்குக்கென்று உள்ள டோர் பாலத்துக்குத் தள்ளுகிறீர்கள். பிரவுசர் நீட்சியாகப் போட்டால் இரண்டு நிமிட வேலை. கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பேருக்கு உதவியது என்று எண்ணும் காட்டும். ராஸ்பெரி பையில் தனி நிரலாகவும் ஓட்டலாம், டாக்கர் தெரிந்தால் இன்னும் சுலபம். வீட்டு ஐபி அடிக்கடி மாறுவது இங்கே குறை இல்லை, அதுவே பலம். அடைக்கிறவர் ஒன்றை அடைப்பதற்குள் அது வேறாகிவிடும். 2022 செப்டம்பரில் போலீஸ் காவலில் இருந்த மாசா அமினி என்ற இளம்பெண்ணின் மரணத்துக்குப் பிறகு ஈரானில் இணையத்தை இறுக்கியபோது மக்கள் கூட்டமாக வந்து சேர்ந்தது ஸ்னோஃப்ளேக்கில்தான். நேர்மையாகச் சொன்னால், உங்கள் நிலைமைக்கு இதுவே போதும்.

இன்னும் பாலம்தான் வேண்டும் என்றால் மாதம் நானூறு ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன விபிஎஸ் போதும். ஒரு ஜிபி நினைவகம் தாராளம். டோர் தரப்பு கேட்பது இரு திசையிலும் 1 எம்பிபிஎஸ்ஸும், இரவு பகல் நிறுத்தாமல் ஓடுவதும். வேகத்தைவிட விடாமல் ஓடுவதுதான் முக்கியம். எல்லோரும் போகும் அதே மலிவான பெரிய நிறுவனங்களுக்கே போகாதீர்கள், அவற்றின் ஐபி வரிசையை மொத்தமாக அடைப்பது சுலபம். மாதத் தரவு வரம்பு இருந்தால் கட்டமைப்பில் உச்சவரம்பு வைக்க இரண்டு வரி உண்டு, மறக்காதீர்கள். மறந்தால் பில் வரும்போது ஞாபகம் வரும்.

கட்டமைப்புக் கோப்பில் எழுதப்போவது ஏழெட்டு வரிதான். இது பாலம் என்று ஒரு வரி. டோரின் சொந்த போர்ட்டுக்கு ஒன்று. தரவின் சாயலை மறைக்கும் ஓபிஎஃப்எஸ்4 (obfs4) செருகுநிரல் எந்த அடைவில் இருக்கிறது என்று ஒன்று. அது எந்த போர்ட்டில் காத்திருக்க வேண்டும் என்று ஒன்று. இரண்டும் உள்ளுக்குள் பேசிக்கொள்ள ஒன்று. பிறகு தொடர்பு மின்னஞ்சலும் ஒரு செல்லப்பெயரும். செல்லப்பெயர் பொதுவில் தெரியும், அதனால் உங்கள் பெயரையோ தெருவையோ வைக்காதீர்கள். மின்னஞ்சல் இதற்கென்று தனியாக இருக்கட்டும். போர்ட் எண் 9001 வைக்கக் கூடாது. டோர் என்றால் 9001 என்பது உலகத்துக்கே தெரியும், தேடுகிறவர்கள் முதலில் தட்டுவது அதைத்தான். 443 வைத்தால் கெடுபிடியான அலுவலக, கல்லூரி வலைகளிலிருந்தும் வர முடியும். ஆனால் 1024க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்கச் செருகுநிரலுக்குத் தனி அனுமதி கொடுக்க வேண்டும்.

என் முதல் பாலத்தில் செய்த தப்பை இங்கே சொல்லியாக வேண்டும். நிறுவினேன், பதிவேட்டைப் பார்த்தேன். உங்கள் போர்ட் வெளியிலிருந்து எட்டுகிறது, அருமை என்ற பொருளில் ஒரு வரி வந்தது. அந்த "அருமை"யைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். மூன்று வாரம் ஒருவர்கூட வரவில்லை. புதுப் பாலம், மெதுவாகத்தான் வருவார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், டோர் தானாகச் சோதிப்பது தன் சொந்த போர்ட்டை மட்டும். பயனர்கள் வரும் ஓபிஎஃப்எஸ்4 போர்ட்டை அது சோதிப்பதே இல்லை. சர்வருக்குள் ஃபயர்வாலைத் திறந்திருந்தேன். வாடகைக்கு எடுத்த இடத்தின் கட்டுப்பாட்டுப் பலகையில் இன்னொரு ஃபயர்வால் இருப்பதைப் பார்க்கவே இல்லை. முன்வாசலைத் திறந்து வைத்துவிட்டுத் தெருக் கதவைப் பூட்டிவிட்டேன். டோர் திட்டத்தின் தளத்தில் போர்ட்டைச் சோதிக்கும் பக்கம் இருக்கிறது, முதல் நாளே அதில் போட்டுப் பாருங்கள்.

நிறுவியதும் டோரின் விசை அடைவையும் ஓபிஎஃப்எஸ்4 தன் சான்றை வைக்கும் அடைவையும் எங்காவது நகல் எடுத்து வையுங்கள். பயனர் தன் டோர் பிரவுசரில் இடும் பால வரியில் ஐபி, போர்ட், கைரேகை (பாலத்தின் தனி அடையாளம்), ஒரு நீண்ட சான்று எல்லாம் சேர்ந்திருக்கும். சர்வரை அழித்துப் புதிதாகப் போட்டால் ஐபி அதுவேயாக இருந்தாலும் கைரேகையும் சான்றும் மாறிவிடும். தெஹ்ரானில் ஒருவர் வைத்திருக்கும் வரி அன்றோடு செத்தது. ராஸ்பெரி பையில் ஓட்டுபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: பை 4இல் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரச் சில்லு கிடையாது. கரண்ட் போய் வந்து, ரூட்டர் எழுந்து, நேரம் சரியாகும் வரை பழைய நேரத்தில் இருக்கும். ஓபிஎஃப்எஸ்4 கைகுலுக்கலில், அதாவது இணைப்பு தொடங்கும்போது நடக்கும் பேச்சில், அப்போதைய நேரமும் சேர்த்துச் சரிபார்க்கப்படுகிறது. கடிகாரம் தப்பாக இருந்தால் யாரும் உள்ளே வர முடியாது. ரூட்டரையும் பையையும் இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள்.

ஓபிஎஃப்எஸ்4 என்று சொல்லிக்கொண்டே போகிறேன், ஏன் என்று சொல்லவில்லை. சும்மா பாலம் மட்டும் இருந்தால் போதாதா? 2010 வரை போதும் என்று நினைத்தார்கள். பிறகு ஈரான் 2011இல் டோர் இணைப்பின் கைகுலுக்கலில் இருந்த சின்னச் சின்ன அடையாளங்களைப் பிடித்து அடைத்தது. சீனா இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு வெளிநாட்டு முகவரிக்குப் போகும் இணைப்பு சந்தேகமாகத் தெரிந்தால், ஃபயர்வால் தானே ஒரு பயனர் மாதிரி அந்த முகவரிக்குப் போய் டோர் மொழியில் பேசிப் பார்க்கும். பதில் வந்தால் பாலம் என்று உறுதி, அடைத்துவிடும். பொய் வேடம் போட்டுக்கொண்டு போய் ரகசியக் கூட்டத்தின் கதவைத் தட்டும் உளவாளி மாதிரி. ஓபிஎஃப்எஸ்4 இதற்குச் சொன்ன பதில் மௌனம். பால வரியில் உள்ள சான்று தெரியாதவர் என்ன பேசினாலும் சர்வர் வாயே திறக்காது. கம்பியில் போவதும் தாயக்கட்டை உருட்டின மாதிரி சம்பந்தமில்லாத பைட்டுகள், எந்த நெறிமுறையின் சாயலும் இருக்காது.

ஏழு வருடம் பக்கம் இது நன்றாகத்தான் ஓடியது. 2021 நவம்பரில் சீனா புதிதாக ஒன்றைத் தொடங்கியது. 2023இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியது. இணைப்பின் முதல் பொட்டலத்தை (தரவுத் துண்டை) எடுத்து, ஒவ்வொரு பைட்டின் எட்டு பிட்களிலும் சராசரியாக எத்தனை ஒன்றுகள் இருக்கின்றன என்று ஃபயர்வால் எண்ணுகிறது. உண்மையிலேயே கலைந்த தரவில் எட்டுக்கு நான்கு வரும். சராசரி 3.4க்கும் 4.6க்கும் நடுவில் விழுந்து, முதல் ஆறு பைட்டுகள் படிக்கக்கூடிய எழுத்தாக இல்லாமல், வழக்கமான வெப் நெறிமுறை போலவும் இல்லாமல் இருந்தால் இணைப்பு வெட்டப்படும். எல்லாக் கல்யாண வீட்டிலும் யாரோ ஒருவர் மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று இரு பக்கமும் சொல்லாமல் பந்தியில் உட்காருவாரே, அவரைப் பிடிக்கும் வழி இது. தப்புப் பிடியைக் குறைக்க அவர்கள் இதைப் பிரபலமான டேட்டா சென்டர்களின் ஐபி வரிசைகளுக்குத்தான், அதுவும் எல்லா இணைப்புக்கும் இல்லாமல் ஏறக்குறைய கால் பங்குக்குத்தான் போட்டிருந்தார்கள். சின்ன நிறுவனத்தில் விபிஎஸ் எடுங்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே அடுத்த தலைமுறை, வெப்டனல். 2024 மார்ச்சில் அதிகாரபூர்வமாக வந்தது. இது ஒளிந்துகொள்ளாது, சாதாரண இணையதளமாகவே நிற்கும். உங்களிடம் ஒரு டொமைன், அதில் சான்றிதழோடு ஒரு தளம், அந்தத் தளத்துக்குள் யூகிக்க முடியாத நீண்ட பாதை ஒன்று. அந்தப் பாதை தெரிந்தவருக்குப் பாலம், தெரியாதவருக்கு உங்கள் மாடித்தோட்டப் புகைப்படங்கள். 2024 நவம்பரில் ரஷ்யாவில் நெருக்கடி கூடியபோது, அடுத்த மார்ச்சுக்குள் இந்த வகையில் 200 பாலங்கள் வேண்டும் என்று டோர் தரப்பு தன்னார்வலர்களைக் கேட்டது. இன்று புதிதாகத் தொடங்குபவர் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளைக் கொஞ்சம் அறிந்தவரானால் நேராக இதற்கே போகலாம் என்பேன். தளம் மட்டும் நிஜமாக இருக்கட்டும். "வரவிருக்கிறது" என்று ஒற்றை வரியோடு மூன்று வருடம் நிற்கும் தளத்தைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

சில சின்ன விஷயங்கள். பொது ரிலே ஓடும் அதே ஐபியில் பாலம் வைக்காதீர்கள். அந்த ஐபி ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது, பாலம் பிறக்கும்போதே அடைபட்டிருக்கும். பல ரிலே ஓட்டுபவர்கள் அவற்றை ஒரே குடும்பம் என்று அறிவிக்கும் வரியில் பாலத்தின் கைரேகையைச் சேர்க்கக் கூடாது. பாலத்தின் நிலையைப் பார்க்கும் பொதுத் தேடல் பக்கத்திலும் அசல் கைரேகையை இடாமல், தனிக் கோப்பில் கிடைக்கும் உருமாற்றிய கைரேகையைத்தான் இட வேண்டும்.

இதில் எனக்கு உண்மையிலேயே கனமாகப் படும் விஷயம் வேறு. பாலத்துக்கு வருகிறவரின் ஐபி உங்கள் கணினிக்குத் தெரியும். டோர் சங்கிலி முழுக்க அந்த ஆளை நேராகப் பார்ப்பது நீங்கள் மட்டும்தான். அவர் இருக்கும் நாட்டில் அந்த ஒரு தகவலே ஒருவரை விசாரணைக்கு இழுக்கப் போதுமானதாக இருக்கலாம். டோர் தன் பதிவேட்டில் முகவரிகளை எழுதாது, இயல்பிலேயே அழித்துவிடும். அந்த அமைப்பை மாற்றாதீர்கள். ஆர்வக் கோளாறில் பொட்டலங்களைப் பிடித்துப் பார்க்கும் கருவிகளை ஓட்டாதீர்கள். ஃபயர்வால் தனியாகப் பதிவு எழுதுகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். நண்பர் ஒருவர் தன் பாலத்துக்கு வருகிறவர்களை உலக வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும் பலகை ஒன்றைச் செய்து எனக்கு அனுப்பினார். அழகாகத்தான் இருந்தது. அன்றே அழிக்கச் சொன்னேன், கொஞ்ச நாள் பேசவில்லை.

இதில் நானும் யோக்கியன் இல்லை. முதல் பாலம் ஓட ஆரம்பித்த பெருமையில் அதன் வரியை நானூறு பேர் இருக்கும் ஒரு டெலிகிராம் குழுவில் போட்டேன், "யாருக்காவது வேண்டுமானால்" என்று. பேனர் கட்டிவிட்டேன். அந்த ஐபியை விட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதாயிற்று.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. முதலில், முழு முடக்கத்தில் பாலம் எதற்கும் ஆகாது. 2023இல் மணிப்பூரில் நடந்தது போல இணையத்தையே துண்டித்தால் கடக்க ஆறே இல்லை, பாலம் எதற்கு? சில தளங்களை மட்டும் அடைத்து, மற்ற இணையத்தை விட்டுவைக்கும் இடங்களில்தான் இது வேலை செய்யும். 2022 ஏப்ரல் 3 அன்று இலங்கையில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூட்யூப் எல்லாவற்றையும் மணிக்கணக்கில் அடைத்தார்களே, அந்த மாதிரி. நான் பாலம் ஓட்ட வந்ததும் அப்படி ஒரு சமயத்தில்தான். 2021 டிசம்பர் முதல் வாரம், ரஷ்யாவில் டோர் அடைபடத் தொடங்கியது. ஒரு நாளைக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல், உலகில் டோர் பயன்படுத்துவோரில் 15 சதவீதம், அந்த நாட்டில் இருந்தார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் புதிதாக 200 பாலங்கள் வேண்டும் என்று டோர் தரப்பு கேட்டிருந்தது.

ஆள் வருவது உங்கள் கையில் இல்லை. எந்த விநியோக வழிக்கு ஒதுக்கப்பட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. அவசரத்துக்கு எடுத்துவைக்கும் கட்டுக்குள் விழுந்தால் மாதக்கணக்கில் பூஜ்யமாகவே இருக்கும், நீங்கள் ஏதும் தப்பு செய்திருக்க மாட்டீர்கள். ஆறு மணிக்கொரு முறை பதிவேட்டில் இத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு வரி விழும். புள்ளிவிவர அடைவில் கடந்த 24 மணி நேரத்துக்கான நாட்டுவாரிக் கணக்கும் இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை: ஆளை அடையாளம் காணக் கூடாது என்பதற்காக எண்ணை எட்டின் மடங்காக மேலே தள்ளித்தான் எழுதும். ஒருவர் வந்தாலும் 8, எட்டுப் பேர் வந்தாலும் 8, ஒன்பதாவது ஆள் வந்தால் 16.

போன வருடம் ஒரு காலை என் கோப்பில் ரஷ்யா 24, ஈரான் 8 என்று வழக்கமான வரி. கடைசியில் புதிதாக துர்க்மெனிஸ்தான் 8. பால முகவரிகளை வரிசை வரிசையாக அடைத்துத் தள்ளும் நாடு, என் பாலம் எப்படித் தப்பியது என்று தெரியவில்லை. ஒருவராகத்தான் இருக்கும். அன்று கெர்னல் அப்டேட் போட்டு சர்வரை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருந்தது. செய்யவில்லை. மறுநாளும் அந்த 8 இருந்தது, மறுநாளும் செய்யவில்லை. பாதுகாப்பு அப்டேட்டை அப்படித் தள்ளிப்போடக் கூடாதுதான். மூன்றாம் நாள் அந்த வரி இல்லை. ரீபூட் செய்துவிட்டு வேலைக்குப் போனேன்.